அன்னை கேட்ட மோர்

மரியே வாழ்க!

வேளாங்கண்ணி மாதா கோயிலின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பே, நடந்து வருகிற திருப்பயணிகளின் காவி உடை சாலையில் தெரிய ஆரம்பித்துவிடும். முன்னால் கொடி, நடுவில் சப்பரம், அதில் மாதாவின் சின்னச் சுரூபம், பின்னால் அரிசியும் பாத்திரமும் ஏற்றிய வண்டி. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல். திருச்சிக்காரர்களுக்குத் தஞ்சாவூர் வழியாக ஏறத்தாழ 150. எந்த வீட்டு நேர்ச்சை, எதற்காக என்று சாலையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒன்று இருக்கிறது.

அந்த நடையில் ஒரு பசி பிறக்கிறது. வீட்டில் ஐந்து பத்துமணி (பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதிதான் பத்துமணி) செபமாலைக்குள் மூன்று முறை கடிகாரம் பார்க்கிறவர், சாலையில் இருபது பத்துமணியையும் முடித்துவிட்டு "இன்னொன்று தொடங்கலாமா" என்று கேட்கிறார். அதே ஆள் ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் பழையபடி ஆகிவிடுகிறார். இது பக்தி குறைந்ததால் வந்ததல்ல. எதனால் அந்தப் பசி எடுத்தது என்று பார்க்காமல், பசியை மட்டும் ஊருக்குக் கொண்டுபோக நினைத்ததால் வந்தது.

நடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுமுன் 9 மணிக்குள் 18 கிலோமீட்டர், மாலை 4 மணிக்கு மேல் மீதி 8 அல்லது 10. வயிறு பாதி காலி. கைபேசி பையில். கையில் மணி, வாயில் ஒரே மன்றாட்டு. அடுத்த வேளைச் சோறு யார் கொடுப்பார் என்று தெரியாது, ஆனால் யாரோ கொடுப்பார்கள் என்று தெரியும். ஆன்மா பசிப்பதற்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது: இடமும் வெறுமையும்.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கொப்புளம் வந்த பிறகு செபம் முழுவதும் கொப்புளத்துக்கே போய்விடும். ஈரம், சூடு, உராய்வு, இந்த மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதுச் செருப்போடு கிளம்பாதீர்கள். தொடை இடுக்கிலும் விரல் இடுக்கிலும் வாசலின். கொப்புளம் சின்னதாக இருந்தால் தொடாமல் மூடி வையுங்கள். பெரிதாகி நடக்க விடவில்லை என்றால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் விடுங்கள், தோலை உரிக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நேர்ந்துகொள்ளவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தார் சுடுவதே தெரியாது, புண் தெரியவரும்போது முற்றியிருக்கும். அன்னை யாருடைய விரலையும் காணிக்கை கேட்கவில்லை. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனாலும் தலை சுற்றும். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, எல்லாம் தலைதட்டி. இருட்டில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில் நடங்கள். சப்பரத்தின் பின்புறமும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள்.

நாகப்பட்டினம் தாண்டினால் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கடைசிப் பன்னிரண்டில்தான் சோதனை. கோபுரம் தெரிகிற தூரத்திலேயே "ரூம் வேணுமா" என்று பையைப் பிடிக்கிறவர்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் கையில் மாலையைத் திணித்துவிட்டுக் காசு கேட்கிறவர்கள். செப்டம்பர் 7ஆம் தேதி பெரிய தேர் பவனி, 8ஆம் தேதி அன்னையின் பிறப்புப் பெருவிழா. அந்த இரண்டு நாளும் நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். பத்து நாள் சேர்த்த பொறுமை பத்து நிமிடத்தில் கரைவது இங்கேதான். மூன்றாம் நான்காம் தேதியிலேயே வந்து வேண்டுதலை முடித்துவிடுவது நல்லது. மாதா குளம் நோக்கி முழங்காலில் போக நேர்ந்தவர்கள் விடியலிலேயே தொடங்குங்கள், ஏறு வெயிலில் மணல் தோலை வாங்கிவிடும்.

பிறகு, அந்தப் பீடம்.

வரிசை நகர்ந்து நகர்ந்து, சட்டென்று எதிரே அன்னை. பட்டுச் சேலை, கிரீடம், கையில் குழந்தை. பின்னாலிருந்து தள்ளு. கிடைப்பது சில நொடி. நடை முழுக்க மனப்பாடம் செய்து வைத்த விண்ணப்பம் அந்த இடத்தில் வாயில் வராது. பெயர்கள் மறந்துபோகும். "அம்மா" என்ற ஒரு சொல் மட்டும் வரும், அதுவும் பாதிப் பேருக்கு அழுகையாகத்தான் வரும். வெளியே வந்து, "ஒன்றுமே கேட்கவில்லையே" என்று மண்டபத்துத் தூணோரம் உட்கார்ந்து அழுகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம்.

கேட்காமல் போனதுதான் சரியோ என்னவோ. இந்த ஊரின் கதையை நினைத்துப் பாருங்கள். மாதா குளத்து ஆலமரத்தடியில் பால்காரச் சிறுவனிடம் குழந்தைக்குப் பால் கேட்டவர் அன்னை. இதே ஊரின் நடுத்திட்டு என்ற இடத்தில் கால் ஊனமான மோர்க்காரச் சிறுவனிடம் மோர் கேட்டவரும் அவரே. இரண்டு இடத்திலும் கை நீட்டியது வானகம். பால் கொடுத்தவன் குடத்தில் பால் குறையும் என்று பயந்தான், அது பொங்கி வழிந்தது. மோர் கொடுத்தவன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான். சமாரியப் பெண்ணிடம் "குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்" என்றவரும், சிலுவையில் "தாகமாய் இருக்கிறது" என்றவரும் அந்தக் கையிலிருந்த குழந்தைதானே. நம் பசிக்கு முன்னால் அவருடைய பசி இருக்கிறது. வீட்டில் செபத்துக்கு உட்காரும்போது, "எனக்கு இன்று என்ன வேண்டும்" என்பதை இரண்டாவதாக வைத்து, "இன்று என்னிடம் என்ன கேட்கிறீர்" என்பதை முதலில் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு தம்ளர் மோர் அளவுக்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்: ஒரு போன், ஒரு மன்னிப்பு, அடுத்த அறையில் இருமிக்கொண்டிருப்பவருக்கு வெந்நீர்.

இனி வீட்டுக்கு வருவோம். திரும்பிய முதல் மூன்று நான்கு நாள் உடம்பு தானாகவே விடியலுக்கு முன் விழிக்கும். அந்த விழிப்பைப் புரண்டு படுத்து வீணாக்கிவிட்டால் அவ்வளவுதான், வாரத்துக்குள் பழைய தூக்கம் திரும்பிவிடும். மூன்று மணி வேண்டாம், வழக்கத்துக்கு அரை மணி முன்னால் போதும். அதோடு இரவுத் தூக்கத்தையும் அரை மணி முன்னுக்குத் தள்ளுங்கள். இரவு பன்னிரண்டு வரை விழித்துவிட்டு விடியலில் செபிக்கப் பார்ப்பவர்கள் மணியை உருட்டியபடி தூங்கிப்போவார்கள். கைபேசி வேறு அறையில் கிடக்கட்டும். காலையில் கண் முதலில் எதை உண்கிறதோ, மனம் அன்று முழுவதும் அதைத்தான் அசைபோடும்.

வாசிப்பதற்கு விவிலியத்தின் 120 முதல் 134 வரையான திருப்பாடல்கள். எருசலேமுக்கு ஏறிப்போன திருப்பயணிகளின் பாடல்கள் என்றே தலைப்பிட்டிருக்கும். பதினைந்து பாடல், பதினைந்து நாள். 132 மட்டும் 18 வசனம், மற்றவை எல்லாம் சிறியவை. 131, 133, 134 மூன்றும் மூன்றே வசனம். சிறியது என்று ஒரே நாளில் நான்கைந்து வாசித்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒன்றைக் காலையில் இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள், எந்த வரி தட்டுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்போதே மூடிவிட வேண்டும். நண்பகலில் மூவேளை செபத்தோடு (காலை, நண்பகல், மாலை சொல்லும் மரியன்னை செபம்) அந்த வரி ஒருமுறை, இரவில் அதே பாடல் மறுபடி. பதினைந்தாம் நாள் முடிந்ததும் புதிதாக எதையும் தேடாமல் 120க்கே திரும்புங்கள். இரண்டாம் சுற்றில்தான் அது உங்கள் பாடலாகும்.

செபமாலையில் ஓட்டம்தான் பெரிய கோளாறு. ஒரு பக்கம் "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" முடியுமுன் மறுபக்கம் "புனித மரியாயே" தொடங்கிவிடுகிறது. இயேசுவின் பெயர் வருகிற இடமே அடிபட்டுப் போகிறது. ஐந்து பத்துமணிக்கு இருபது நிமிடம் தாராளமாக வேண்டும். அவ்வளவு நேரம் இல்லாத நாளில் ஒரே ஒரு பத்துமணி, நிதானமாக, முடிந்தால் நடந்துகொண்டே. பத்து நாள் நடையோடு பழகிய மன்றாட்டு, கால் அசைந்தால் தானாக வாய்க்கு வரும்.

நோன்பை நம்மில் பலர் தவக்காலத்தோடு கட்டி வைத்துவிட்டோம். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் திருச்சபை 18 வயது முடிந்தவர் முதல் 59 வயது முடியும்வரை எல்லாருக்கும் வைத்த கடமை, ஒரு முழுச் சாப்பாடுதான். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம். இதற்கு மேல் பசியை வளர்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமை ஒரு வேளையை விடுங்கள். ஆனால் விட்ட அந்த நேரத்தில் வேறு வேலையை நுழைக்காமல், உணவுக்கு உட்காரும் அதே இருபது நிமிடம் நற்செய்தி முன் உட்காருங்கள். அதைச் செய்யாவிட்டால் அது வெறும் பட்டினி, பதினொரு மணிக்கு நாலு டீயும் வீட்டாரிடம் எரிச்சலுமாக முடியும். மிச்சமான சோற்றுக்காசு தனி உண்டியலுக்கு. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள் உணவைத் தொட வேண்டாம். ஒரு மாலை தொலைக்காட்சியை நிறுத்துங்கள், அதிலும் பசி வரும்.

எல்லாம் செய்தும் வறண்டுபோகும் மாதங்கள் வரும். உடனே இன்னொரு நவநாள் (ஒன்பது நாள் செபம்), இன்னொரு நீண்ட மன்றாட்டு என்று அடுக்குகிறவர்கள் பசியில்லாத வயிற்றில் சோற்றைத் திணிக்கிறார்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொன்ன விதி எளியது: மனம் வறண்டிருக்கும்போது, நல்ல நிலையில் எடுத்த முடிவை மாற்றாதே. பத்து நிமிடம் என்று வைத்திருந்தால், வறண்ட நாளில் பதினோராவது நிமிடமும் உட்கார். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கோபுரம் தெரியாத வளைவுகள் எத்தனை, அங்கே யாரும் திரும்பிப் போனார்களா?

எழுத எழுத நன்றிதான் முந்திக்கொண்டு வருகிறது. முகம் தெரியாத ஊர்களில், கோயில் பிரசாதம் கொடுக்கிற அதே கையால் நமக்குச் சுக்குக் காப்பி ஊற்றிய அம்மாக்கள், பள்ளிவாசல் ஓரம் படுக்க இடம் காட்டிய பெரியவர்கள், புண்ணான காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டுவிட்ட பெயர் தெரியாத தங்கை. அம்மா, இவர்களை எல்லாம் எங்கே சேர்த்து வைத்திருந்தீர்!

நடக்க முடியாத ஆண்டு வரும். மூட்டு விடாது, விடுப்பு கிடைக்காது. அந்த ஆண்டு நடைக்குழுக்கள் போகிற சாலைக்குப் போங்கள். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர், உப்பு சற்றுத் தூக்கலாக, இஞ்சி, கறிவேப்பிலை. பனிக்கட்டி வேண்டாம். காலை 8 மணிக்கு மேல்தான் மோர் ஓடும், அதற்கு முன் சுக்குக் காப்பியும் வெந்நீரும். கால் ஊற ஒரு வாளியில் உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீர், துடைக்கத் துண்டு, உட்கார நாலு நாற்காலி. சப்பரம் தூரத்தில் தெரிந்ததும் ஊற்றத் தொடங்குங்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கை நீட்டுவார். குழந்தைக்கு முதலில் கொடுங்கள்.