லாக்க விடுங்க, எதோட சேத்து பூட்டுறீங்க?

புதுசா சைக்கிள் வாங்குறவங்க எல்லாரும் எந்த லாக் நல்லாருக்கும்னுதான் கேக்குறாங்க, எதோட சேத்து பூட்டணும்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. சென்னைல பாதி சைக்கிளுக்கு பின் சக்கரத்துல இருக்குற ரிங் லாக்தான் மொத்த பாதுகாப்பும், சாவிய எடுத்துட்டா வீல் சுத்தாது, அவ்ளோதான். பழைய கனமான ஹெர்குலிஸுக்கு அது ஓகே, தூக்கிட்டு ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். இப்ப வர்ற அலுமினிய ஃப்ரேம் கியர் சைக்கிள் பதிமூணு பதினாலு கிலோதான், பின் வீல மட்டும் தூக்கி புடிச்சுகிட்டு முன் வீல்ல உருட்டிட்டு போனா பாக்குறவன் பங்ச்சர் போலன்னு நெனச்சு வழி விடுவான்.

அதுவும் ரோட்ட விட நம்ம அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்லதான் அதிகமா கவனமா இருக்கணும்னு நான் சொல்லுவேன். கடை வாசல்ல அஞ்சு நிமிஷம் நிக்கும்போது பத்து தடவை திரும்பி பாப்போம், வீட்டுக்கு கீழ வாரக்கணக்குல நிறுத்திட்டு மறந்துடுவோம். தூசி படிஞ்ச சைக்கிள் காணாம போனா ஞாயித்துக்கெழமைதான் தெரியும்னு திருடனுக்கு நல்லாவே தெரியும். வாட்ச்மேன் மோட்டார் போட போயிருப்பாரு, கேமரா கார் பக்கம் பாத்துட்டு இருக்கும், அப்படியே பதிவானாலும் தொப்பி போட்ட ஒருத்தன் சாவகாசமா சைக்கிள வெளிய தள்ளிட்டு போறது தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

அதனால மொதல்ல அங்க ஒரு இரும்ப ரெடி பண்ணுங்க. வெல்டிங் பட்டறைல சொன்னா கவுத்துப் போட்ட 'ப' மாதிரி பைப்ப வளைச்சு குடுப்பாங்க, தரையில ஆங்கர் போல்ட் அடிச்சு நிறுத்தி நட்டையும் வெல்டு வெச்சுட்டா முடிஞ்சுது. பில்லர்ல மட்டும் ட்ரில் போடாதீங்க, அசோசியேஷன்ல சண்டைக்கு வருவாங்க, வர்றது நியாயம்தான். வெளிய போனா நோ பார்க்கிங் கம்பம் கெடச்சா மொதல்ல ஆட்டி பாருங்க, குட்டை கம்பமா இருந்தா சைக்கிள பூட்டோட மேல உருவி எடுத்துடுவான்.

எப்படி பூட்டணும்ங்கறதுக்கு ஷெல்டன் பிரவுன் சொன்ன வழிதான் எனக்கு இன்னைக்கும் புடிச்சது. அமெரிக்கால மெக்கானிக்கா இருந்தவரு, 2008ல இறந்துட்டாரு, சைக்கிள் பத்தி அவரு நெட்ல எழுதி வெச்சத இன்னமும் உலகம் பூரா படிக்கிறாங்க. சின்ன யூ லாக் ஒண்ணு, அதாவது U மாதிரி வளைஞ்ச கெட்டி இரும்பு பூட்டு, அத பின் சக்கரத்து ரிம்மையும் கம்பத்தையும் சேத்து போடணும், ஆனா பின் சக்கரத்த ரெண்டு பக்கமும் புடிச்சுக்குற ஃப்ரேமோட பின் முக்கோணம் இருக்குல்ல, அதுக்குள்ள வர்ற ரிம்ல போடணும். ஃப்ரேம் குழாய சுத்தணும்னு அவசியமே இல்ல, ஏன்னா பூட்டு மாட்டுன வீல் அந்த முக்கோணத்துக்குள்ளேருந்து வெளிய வரவே வராது. எடுக்கணும்னா டயரையும் ரிம்மையும் அறுக்கணும், அறுத்தா வீலே போச்சு. சின்ன லாக் எதுக்குன்னா உள்ள இடம் இல்லாட்டி கடப்பாரைய விட்டு நெம்ப முடியாது. பூட்டு தரையில படாம பாத்துக்கோங்க, தரை மேல வெச்சு சுத்தியலால அடிக்கிறது ஈஸி.

கேபிள் லாக் முன் வீலுக்கு துணையா இருக்கலாம், தனியா அத மட்டும் நம்பாதீங்க, பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்குறது மெல்லிசு கம்பிதான். நம்பர் லாக் வெச்சிருக்குறவங்க பாதி பேர் கடைசி நம்பர மட்டும் ஒண்ணு தள்ளி விட்டுட்டு போறாங்க, அதுக்கு பூட்டாமலே போகலாம். காச கொட்டுனா எல்லாம் சரியாயிடும்னும் கெடையாது, 2004ல கிரிப்டோனைட் கம்பெனியோட யூ லாக்க பிக் (Bic) கம்பெனி பால்பாயின்ட் பேனா குழாய வெச்சே திறந்து காட்டுனாங்க, வட்ட சாவி போடுற மாடல், கம்பெனி பூட்டையே மாத்தி குடுக்க வேண்டியதாச்சு. தட்டை சாவியா பாத்து வாங்குங்க. பேட்டரில ஓடுற ஆங்கிள் கிரைண்டர், அதான் இரும்பு அறுக்குற மெஷின், வந்தா எந்த பூட்டும் அறுபடும், ஆனா அந்த சத்தத்தோட தீப்பொறி பறக்க டீக்கடை வாசல்ல அறுக்க தைரியம் வேணும், ஸோ மறைவான மூலைய விட கூட்டமான எடமே பெட்டர்.

சீட்ல கையாலயே கழட்டுற குயிக் ரிலீஸ் லீவர் இருந்தா மாத்திட்டு, அலன் கீ (ஆறு பக்க சாவி) போட்டு திருகுற போல்ட் போடுங்க. அந்த போல்ட் ஓட்டைல ஒரு பால்ரஸ் குண்டு, முன் சக்கரத்துக்கு போடுற சின்ன சைஸ், அதை அமுக்கி வெச்சு மேல மெழுகு ஊத்திட்டா அலன் கீ உள்ள எறங்காது. நமக்கு வேணும்னா சூடு காட்டி குத்தி எடுத்துக்கலாம். கிட்டத்தட்ட ஓசி செலவு இது, சைக்கிள் கடைல கேட்டா சும்மாவே குடுப்பாங்க.

அப்புறம் பில்லு. சைக்கிள கவுத்துப் போட்டா பெடல் அச்சுக்கு அடியில ஃப்ரேம் நம்பர் இருக்கும், அதையும் பில்லையும் போட்டோ எடுத்து வீட்ல இன்னொருத்தர் போன்லயும் வெச்சுக்கோங்க. 2024 ஜூலை 1லேருந்து வந்த புது குற்றவியல் சட்டத்துல 5,000 ரூபாய்க்கு கீழ உள்ள பொருள் திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்கு போயிடுச்சு. பில் இல்லாம போய் நின்னா உங்க சைக்கிள் மதிப்பு என்னன்னு நீங்க வாயாலதான் சொல்லணும். இதுல எனக்கு கடுப்பு என்னன்னா கியர் சைக்கிள்காரங்க தப்பிச்சுடுவாங்க, காலைல பால் பாக்கெட் போடுறவரோட பழைய சைக்கிள் எப்படி பாத்தாலும் 5,000 தேறாது, அவருக்குத்தான் அது இல்லன்னா மறுநாள் பொழப்பே ஓடாது. அவர மாதிரி ஆளுங்களுக்கு உங்ககிட்ட சும்மா கெடக்குற நல்ல செயின் இருந்தா குடுங்க, அந்த ரிங் லாக்கோட அதையும் சேத்து கேட் கம்பில போட்டுட்டு படியேறுவாரு.