கண்ட்ரோல் எலியும் சோர்ந்துபோனால்

வல்லாரைச் சாறு மனச்சோர்வைத் தேற்றுமா என்று எலிகளை வாட்டிப் பார்த்த ஐந்து வார வேலை தைப்பூசத்தோடு போயிற்று. எந்த அழுத்தமும் கொடுக்காமல் தனி அறையில் வைத்திருந்த கண்ட்ரோல் எலிகளே (ஒப்பிடுவதற்கான எலிகள்) சர்க்கரைத் தண்ணீரைச் சீந்தவில்லை. சோர்ந்த எலிக்குத்தான் இனிப்பில் ஆசை குறைய வேண்டும். வாட்டிய எலிக்கும் வாட்டாத எலிக்கும் வித்தியாசம் இல்லாதபோது, வல்லாரைச் சாறு வேலை செய்ததா என்று எதை வைத்துச் சொல்வது? பேராக்கில் செம்பனைக்கு நடுவே இருக்கும் பட்டணம் இது. உறுமிமேளம் இரண்டு சுவர் தாண்டி வரும். முதலில் திருவிழா நாள்களைக் குறித்துக்கொண்டு, அப்புறம் தேதி போடுங்கள். தீபாவளி வெடிக்கும் இதே கதைதான்.

விலங்குச் சோதனைக்கான அனுமதிப் பாரம் ஒரே ஒரு வரிக்காகத் திரும்பி வந்தது: எடை எவ்வளவு குறைந்தால் எலியைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று எழுதவில்லை. பட்டினி போடுவதும் அழுத்தங்களில் ஒன்று என்பதால் கேட்டது நியாயம்; 20 சதவீதம் என்று எழுதினோம். அதைச் சொல்ல கிராணி மூன்று வாரம் இழுத்ததுதான் நியாயமில்லை. கடிதம் கைக்கு வருமுன் எலி ஆர்டர் செய்யாதீர்கள். காத்திருக்கும் எலி வளரும். மருந்து எலியின் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, காய்ச்சி வைத்த சாறு பாதியில் தீர்ந்துபோகும்.

வல்லாரை தோட்டத்துக் கால்வாயோரம் சும்மா கிடைக்கிறதே என்று பறிக்க வேண்டாம். களைக்கொல்லி அடிக்கிற இடம். தொட்டியில் வளர்த்ததே மேல்.

அழுத்தம் கொடுப்பதில் சிக்கல் இல்லை: ஈர மரத்தூள், 45 டிகிரி சாய்த்த கூண்டு, விடிய விடிய விளக்கு. வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் எலி பழகிவிடும்.

தொல்லை பிடித்தது சர்க்கரைச் சோதனை. ஒரு பாட்டிலில் 1 சதவீத சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர், 24 மணி நேரம். பாதியில் இடம் மாற்றாவிட்டால், எலிக்குப் பிடித்தது சர்க்கரையா இடப்பக்கமா என்று தெரியாது. நம்மூர் வெக்கையில் கரைசல் புளித்துவிடும், அன்றன்றைக்குக் கலக்குங்கள். எலியில்லாத கூண்டிலும் இரண்டு பாட்டில் மாட்டுங்கள். ஒழுகியது எவ்வளவு என்று அதில் தெரியும், அதைக் கழித்துவிடலாம். வாட்டத் தொடங்குமுன்பே ஒருமுறை அளந்து, அந்த அளவைப் பார்த்துக் குழு பிரிப்பது முக்கியம்.

மனச்சோர்வுக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கும் மருந்தான புளுவோக்சிடின் கொடுக்கும் குழு இல்லாமல் இறங்காதீர்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம், வாய்வழி, தினமும், குறைந்தது மூன்று வாரம். அந்தக் குழுவும் தேறவில்லை என்றால் பழுது சோதனையில். மூலிகையைக் குறை சொல்ல முடியாது.

நீச்சல் சோதனையில் எண்ணுவது, தண்ணீரில் விட்ட எலி நீந்தாமல் அசையாது மிதக்கும் நேரத்தை. எலிக்கும் சுண்டெலிக்கும் முறை வேறு. சுண்டெலிக்கு 6 நிமிடம், கடைசி 4 மட்டும் கணக்கு. எலிக்கு முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5. தண்ணீர் 23 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பகலில் நம் குழாயில் வருவது அதைவிடச் சூடு, ஐஸ் கட்டி வாங்கி வையுங்கள். ஒவ்வொரு எலிக்கும் புதுத் தண்ணீர். கூடவே திறந்தவெளிப் பெட்டியில் எலி எவ்வளவு ஓடுகிறது என்றும் பாருங்கள். வெறும் துறுதுறுப்பைக் கூட்டும் பொருள்கூட நீச்சலில் மனச்சோர்வு மருந்துபோல வேடம் போடும்.

இரண்டாம் சுற்றில் கண்ட்ரோல் எலிகள் பாட்டிலைக் காலி செய்தன. புளுவோக்சிடின் குழுவும் தேறியது. நீச்சல் காணொளிகளை இன்னும் எண்ணவில்லை. எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஆள் ஒருவர் வேண்டும்.