நான்கு பேர், மூன்று பாஸ்போர்ட்

வியட்நாம் போய்த் திரும்பிப் பதினோரு நாள் ஆகிறது. இன்னும் நடுராத்திரியில் எழுந்து அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறேன். காட்பாடியில் என் வீட்டு அலமாரியில் இருப்பது எங்கே போய்விடும்? தெரியும். ஆனாலும் கை தானாகப் போகிறது.

நாங்கள் நான்கு பேர், கல்லூரிக் காலத்திலிருந்தே நண்பர்கள். ஒருவன் குடியாத்தம், ஒருவன் ஆற்காடு, ஒருவன் ஆரணி, நான் காட்பாடி. ஆளுக்கொரு முதுகுப்பை, எட்டு நாள். ஹோ சி மின் நகரம், அங்கிருந்து கடற்கரை ஊரான மூய் நே, பிறகு மலை ஊரான தா லாத், மறுபடி ஹோ சி மின். ஊர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது காகிதங்களைப் பற்றி. இந்தப் பயணத்தில் எங்களை அழ வைத்தது அவைதான்.

முதல் அடி கிளம்பும் முன்பே விழுந்தது. வியட்நாமுக்கு இ-விசா எடுக்க வேண்டும். ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், மூன்று வேலை நாளில் வரும் என்று சொல்கிறார்கள். மூன்று பேரும் நாங்களே விண்ணப்பித்துவிட்டோம். ஆரணிக்காரனுக்கு நேரமில்லை, ஒரு பிரௌசிங் சென்டரில் கொடுத்துவிட்டான். நம் ஊரில் இனிஷியல் உண்டு, சர்நேம் என்று ஒன்று கிடையாது. அவன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது. சென்டரில் இருந்தவர் காலியாக விடக்கூடாது என்று நினைத்து அப்பா பெயரை எடுத்து அங்கே போட்டுவிட்டார். விசாவும் அந்தப் பெயரிலேயே வந்துவிட்டது. இவன் பார்க்கவே இல்லை.

ஞாயிறு ராத்திரி விமானம். செவ்வாய்க்கிழமை பிரிண்ட் எடுக்கும்போது ஆற்காட்டுக்காரன்தான், "இன்னாடா இது, உங்க அப்பா வராரா கூட?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வி இல்லையென்றால் சென்னை விமான நிலையத்திலேயே இவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்றால் விமான நிறுவனம் ஏற்றாது. கட்டிய 25 டாலர் திரும்ப வராது. அன்று மதியமே மறுபடி கட்டி விண்ணப்பித்தோம். சனி, ஞாயிறு அங்கே அலுவலகம் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் மூன்று பேர்தான் போக வேண்டும். வியட்நாம் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே மூன்றரை. வெள்ளி மதியம் மூன்று மணிக்கு வந்தது. ஆரணியில் அவன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிய வீடியோ எங்கள் மூன்று பேருக்கும் வந்தது.

ஆகவே, விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு நீங்களே பாருங்கள். முகவரி 'கவ் டாட் விஎன்' (gov.vn) என்று முடிகிற அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே போலத் தோற்றம் காட்டி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குகிற தரகர் தளங்கள்தான் தேடினால் முதலில் வருகின்றன.

விமானம், குடியேற்றம், முதல் ஐந்து நாள், எல்லாம் சுகமாகப் போயிற்று. இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆற்காட்டுக்காரன் பைக் ஓட்டும் ஆசையில் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வந்திருந்தான். அது வியட்நாமில் செல்லாது. இந்தியா கொடுப்பது 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான அனுமதி, வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தப்படியானதை மட்டும். வாடகைக் கடைக்காரர்கள் எதையும் கேட்காமல் வண்டி கொடுத்துவிடுவார்கள். ஆனால் விழுந்து அடிபட்டால் காப்பீடு கைவிரிக்கும். அவனை ஓட்டவிடவில்லை. அவனுக்கு வருத்தம்தான்.

இன்னொன்று அவர்கள் ரூபாய் நோட்டு. இருபதாயிரம் டாங்கும் நீலம், ஐந்து லட்சம் டாங்கும் நீலம். முன்னது நம் கணக்கில் எழுபது ரூபாய் சுமார், பின்னது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். மூய் நேயில் இளநீர் குடித்துவிட்டுக் குடியாத்தத்துக்காரன் ஐந்து லட்சத்தை நீட்டிவிட்டு நடந்துவிட்டான். இளநீர் விற்ற அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு வெயிலில் எங்கள் பின்னால் ஓடி வந்து நோட்டைக் கையில் திணித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. கும்பிட்டோம். அன்றிலிருந்து ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனியாக மடித்து வைத்தோம்.

சரி, தா லாத்துக்கு வருகிறேன். ஏலகிரியைவிட உயரம், கிட்டத்தட்ட 1,500 மீட்டர். பைன் மரம், பூ, ஸ்ட்ராபெர்ரி, நல்ல குளிர். வியட்நாமில் எந்த விடுதியில் தங்கினாலும் உங்கள் விவரத்தைக் காவல்துறையிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். அதனால் வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். இந்த விடுதியில் இருந்த பையன் நான்கையும் வாங்கி, "நாளைக்குத் தருகிறேன்" என்று சைகை காட்டி வைத்துக்கொண்டான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு நாங்கள் கிளம்பும்போது அவன் தூக்கக் கலக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டைக் கொடுத்தான். வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது. நான் வாங்கிப் பைக்குள் போட்டேன். எண்ணவில்லை. ஒரே ஒரு நொடி வேலை.

ஸ்லீப்பர் பஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு ஹோ சி மின் நகரத்தில் இறக்கிவிட்டது. விடுதிக்குப் போய் மேசையில் கட்டைப் பிரித்தால் மூன்று இருக்கிறது. இல்லாதது என்னுடையது. அன்று ஞாயிறு. மறுநாள் திங்கள் காலை 11.40க்குக் கோலாலம்பூர் வழியாகச் சென்னைக்கு விமானம்.

தா லாத் விடுதிக்குப் போன் போட்டோம். ஆறு மணி வரை யாரும் எடுக்கவில்லை. எடுத்த பெண்மணி டிராயரைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அந்தப் பையன் ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டானாம். பஸ்ஸில் விழுந்திருக்குமோ என்று பஸ் அலுவலகத்துக்கு ஓடினோம். துப்புரவு முடிந்துவிட்டது, எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். அப்புறம் பக்கத்துக் காவல் நிலையம். முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, மொழிபெயர்ப்புச் செயலியில் ஒருவர் காட்டிய பதில்: எங்கே தொலைத்தீர்களோ அங்கே போய்ச் சொல்லுங்கள். அங்கே என்றால் 300 கிலோமீட்டர். அங்கேதான் தொலைந்ததா என்பதே எனக்குத் தெரியாது.

இந்தியத் துணைத் தூதரகம் இதே நகரத்தில் இருக்கிறது, ஆனால் ஞாயிறு. அவசரத் தொடர்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தொலைந்தது என்று சொல்லிவிடலாமா என்று நின்றேன். அதற்குள் குடியாத்தத்துக்காரன், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, முதலில் அங்கே போகலாம் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் ஊரில் வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனைக் கேட்காமல் அவன் எதையும் தொடங்க மாட்டான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் ஆட்கள் கட்டிய கோயில். இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். சுவரில் நெற்றியை வைத்து ரகசியம் போல வேண்டிக்கொள்கிறார்கள். நானும் அதே சுவரில் நெற்றியை வைத்தேன்.

அங்கிருந்து ஓர் இந்திய ஓட்டலுக்குப் போனோம். சோறு வந்தது, ஒருவரும் தொடவில்லை. பக்கத்து மேசையில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர், அவருடன் ஒரு வியட்நாம் பெண். பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வேலூர்ப் பக்கமா?"

"காட்பாடிங்க பாய். இவன் குடியாத்தம்."

"நான் ஆம்பூரு. இன்னாபா, நாலு பேரும் சோத்தத் தொடாம குந்திக்கினு கீறீங்க?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஷூவின் மேல்பாகம் தைக்கிற தோலை வியாபாரம் செய்கிறவர். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற நாடு வியட்நாம். இங்குள்ள தொழிற்சாலைகளுக்குத் தோல் காட்ட வருடத்துக்கு மூன்று நான்கு முறை வருவாராம். அந்தப் பெண் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "தூதரகத்துல தொலஞ்சிபோச்சின்னு எழுதிக் குடுத்துட்டியா?" இல்லை என்றேன். "நல்லவேளை. அவசரப்படாத."

அவர் விளக்கியது எனக்கு அதுவரை தெரியாது. தொலைந்ததாக எழுதிக் கொடுத்து, ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் வாங்கினால் பழைய பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். மறுநாளே கிடைத்தாலும் அது செல்லாது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு உடனே விமானம் ஏறவும் முடியாது. வியட்நாம் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி தனியாக வாங்க வேண்டும், அதற்குச் சில வேலை நாள் ஆகும். ஊருக்கு வந்தபின் புதிய பாஸ்போர்ட்டுக்கு 3,000 ரூபாய் கட்டணம், மறுபடி போலீஸ் விசாரணை. எல்லா இடத்திலும் தேடி, இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

அப்புறம் அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "போன் போட்டு பாஸ்போர்ட் இருக்குதான்னு கேக்காதம்மா. ஜெராக்ஸ் மிஷின் மூடியத் தூக்கிப் பாக்கச் சொல்லு." இதை ஆங்கிலத்தில் அவளுக்கு விளக்கிவிட்டு எங்களிடம் திரும்பி, "எங்க ஆபீஸ்ல ஆதார் கார்டு வாரத்துக்கு ஒண்ணு அதுக்குள்ளதான் கெடக்கும்" என்றார்.

அவள் பேசினாள். காத்திருந்தோம். ஒரு நிமிடம் இருக்கும். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் ஆற்காட்டுக்காரன் மேசையைத் தட்டிவிட்டான், ரசம் கொட்டியது. கடைசியாக நகல் எடுத்தது என்னுடையது போல. கண்ணாடியின்மேல் குப்புறக் கிடந்திருக்கிறது.

அந்த ஊர்ப் பேருந்துகள் பார்சலும் கொண்டு வரும். மதியம் ஒரு மணிப் பேருந்தில் கொடுத்துவிடச் சொல்லி அவளே ஏற்பாடு செய்தாள். பெறுபவர் பெயராக என் பெயரைச் சொல்லப் போனபோது பாய் தடுத்தார். "அங்க அடையாளம் காட்டச் சொல்லுவான். நீ இன்னாத்தக் காட்டுவ? கையில பாஸ்போர்ட் இருக்கறவன் பேர்ல போடு." குடியாத்தத்துக்காரன் பெயரில் போட்டோம்.

எட்டு மணிக்கு வர வேண்டிய பேருந்து பத்தே காலுக்கு வந்தது. அதுவரை அலுவலக வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். கவுன்டரில் இருந்தவர் முதலில் கேட்டது பாஸ்போர்ட்டைத்தான். குடியாத்தத்துக்காரன் நீட்டினான், உறை கைக்கு வந்தது. உள்ளே என் பாஸ்போர்ட், அதன் நடுவில் மடித்த ஒரு சீட்டு. எங்கள் விடுதிக்குத் திரும்பியதும் வரவேற்பில் இருந்த பெண்மணியிடம் செயலியில் காட்டிக் கேட்டேன். 'மன்னிக்கவும்' என்று அந்தப் பையன் எழுதியிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. எண்ணாமல் வாங்கியது நான்.

போகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன். விடுதியில் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுங்கள், ஆனால் அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை அங்கேயே நின்று கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க வைத்துக்கொள்ள விடாதீர்கள். பைக் வாடகைக்கு அடமானமாகக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பணமாக டெபாசிட் கொடுங்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் விசாவையும் படம் எடுத்து நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள். திரும்பும் விமானம் திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை ராத்திரிதான் கிளம்பித் தலைநகருக்கோ பெரிய நகரத்துக்கோ வருவதுபோலத் திட்டம் போடாதீர்கள். தூதரகம் திறந்திருக்கும் ஒரு நாளாவது கையில் இருக்கட்டும்.

திங்கள் காலை குடியேற்றக் கவுன்டரைத் தாண்டியதும் முத்திரை விழுந்த பக்கத்தைப் படம் எடுத்து பாய்க்கு அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது.

"நாலும் எண்ணிட்டியாபா?"

நான்கு பேரும் அங்கேயே ஓரமாக நின்று எடுத்து மறுபடி எண்ணினோம்.