பத்தாய அறையில் கிடைத்த இரண்டு மரக்கால்கள்: ஒரு பழைய பண்ணையைப் பார்வையாளர்களுக்குத் திறந்த அனுபவம்

மன்னார்குடி வட்டத்தில், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் குடும்பத்துப் பண்ணையை வெளியாட்கள் வந்து பார்க்கும்படி திறப்பது என்று நானும் என் தங்கையும் முடிவெடுத்தபோது, ஓட்டைச் சரிசெய்து, வெள்ளையடித்து, கழிப்பறை கட்டினால் ஆறு மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். இரண்டரை ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் பாதி கட்டட வேலைக்குப் போனது. மீதிப் பாதி, வருகிறவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றி என்ன சொல்வது என்ற கேள்விக்குப் போனது.

இடம் பெரியதன்று. கொள்ளுத்தாத்தா காலத்து முற்றம் வைத்த ஓட்டு வீடு, அதன் உள்ளேயே நெல் சேமிக்கும் மரப்பெட்டியான பத்தாயம் நிற்கும் ஓர் அறை, கொல்லையில் கிணறு, மாட்டுக் கொட்டகை, நெல்லடிக்கும் களம், அதைத் தாண்டி வயல். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பை முழுவதுமாகச் சாய்த்து, வீட்டுக் கூரையிலும் பாதியைப் பிய்த்துவிட்டது. தார்ப்பாயைப் போர்த்தியபடி சில மழைக்காலங்கள் கழிந்தன. வீட்டை இடித்துவிடலாம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். இடிக்க மனம் வராததுதான் இந்த முயற்சியின் தொடக்கம்.

கூரைக்கு நாட்டு ஓடு கிடைப்பதே முதல் சிக்கலாக இருந்தது. சுடும் சூளைகள் இப்போது மிகக் குறைவு என்பதால், சுற்றுவட்டாரத்தில் இடிக்கப்படும் வீடுகளைத் தேடிப்போய்ப் பழைய ஓடுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். சுவர்தான் அதைவிடப் பெரிய பாடம் கற்பித்தது. பல ஆண்டுகளுக்கு முன் வீட்டின் கீழ்ப்பகுதிக்கு யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் தரையிலிருந்து இழுக்கும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் மேலே ஏறி, ஓர் ஆள் உயரத்தில் உப்புப் பூத்துச் சுவர் உதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, அதன் பிறகு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பைப் பூசச் சொன்னவர் எழுபது வயதைக் கடந்த ஒரு கொத்தனார். அவசரப்படுத்தியபோதெல்லாம் சுவரில் என் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, "இன்னும் குளிர்ச்சி இருக்கா தம்பி? அப்போ இன்னும் தண்ணி இருக்கு" என்பார். அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்ததால்தான் அடுத்த வடகிழக்குப் பருவமழையைச் சுவர் தாங்கியது என்று உறுதியாக நம்புகிறேன்.

அனுமதி வாங்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது, ஏனென்றால் விவசாயம் நடந்துகொண்டிருக்கும் ஒரு பண்ணையைத் தங்கும் விடுதி என்றும் அருங்காட்சியகம் என்றும் சொல்ல முடியாது. படிவத்தில் வேறு கட்டமும் இல்லை. மின் இணைப்புகளை முழுவதும் மாற்றியதற்கான சான்று, கிணற்றுக்குக் கம்பி வலை போட்ட படம், கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. இதே வேலையில் இறங்குபவர்கள் இம்மூன்றையும் முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

எப்போது திறப்பது என்பதை வயல்தான் முடிவு செய்தது. மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்தால் குறுகிய காலப் பயிரான குறுவை, தாமதமானால் அதற்குப் பின் வரும் நீண்ட காலப் பயிரான சம்பா மட்டும் என்று டெல்டாவின் கணக்கே அந்தத் தண்ணீரைச் சார்ந்ததாகிவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வரப்பெல்லாம் சேறாகிப் பாம்பு நடமாட்டமும் அதிகமாகும் என்பதால் அம்மாதங்களில் மூடிவிடுகிறோம். சோதனையாக முதன்முதலில் அழைத்த பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர், ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்லியும் கேளாமல் கைகோத்து நடந்ததில், பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பு இரண்டு இடங்களில் உடைந்து, அவர் நாற்றங்காலின் தண்ணீர் எங்கள் வயலில் வடிந்துவிட்டது. அன்று மாலையே மன்னிப்புக் கேட்டு வரப்பைக் கட்டிக்கொடுத்தோம். அதன் பிறகு எங்கள் நிலத்துக்குள்ளேயே ஒரு வரப்பை நான்கடி அகலத்துக்கு மண் போட்டு உயர்த்தி, கரையில் அருகம்புல் பதித்து, அதை மட்டுமே நடைபாதையாக வைத்திருக்கிறோம்.

கொட்டகையில் இரண்டு உம்பளச்சேரிப் பசுக்களும் ஒரு கன்றும் நிற்கின்றன. இந்த இனத்தின் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறமாக மாறும். மறுமுறை வரும் பிள்ளைகள் அதே கன்றைத் தேடி ஏமாறுவதைப் பார்க்கிறேன். வயலில் ஒரு பகுதியில் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார் ஆகியவற்றைப் பாத்தி பாத்தியாக நட்டிருக்கிறோம். நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் வாழ்ந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஒரே ஒட்டு ரகத்தைக் காட்டி அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

இவையெல்லாம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில்தான், கறையான் அரித்த பத்தாயத்தின் அடிப்பலகையை மாற்றுவதற்காக அறையை முழுவதும் காலி செய்தோம். மூலையில் சாக்குகளுக்கு அடியில் நெல் அளக்கும் பாத்திரங்களான இரண்டு இரும்பு மரக்கால்கள் இருந்தன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த அவற்றில் ஒன்றில் நெல்லை நிரப்பி மற்றொன்றில் கொட்டியபோது, அரைப்படிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தது. குத்தகை நெல்லை வாங்கும்போது பெரிய மரக்காலும் கூலி நெல்லைக் கொடுக்கும்போது சின்ன மரக்காலும் எடுக்கப்பட்டன என்று, பண்ணையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடவு நட்ட ஒரு பாட்டி சொன்னார். அவருக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அவர் சொன்ன விதத்தில் புகார் எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான் மட்டும் தெரியாமல் கேட்கிறேன் என்ற வியப்புதான் இருந்தது.

அதுவரை நாங்கள் எழுதி வைத்திருந்த அறிமுகக் குறிப்பு முழுவதும் கொள்ளுத்தாத்தாவையும், தேக்குத் தூண்களையும், வீட்டுச் சமையலையும் பற்றியது. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் தஞ்சைப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியதும், 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதும் நான் படித்தறிந்த வரலாறுதான். ஆனால் அந்த வரலாறு என் வீட்டுப் பத்தாய அறைக்குள்ளும் இருந்தது என்பதை அந்த இரும்புப் பாத்திரம் கையில் கனக்கும் வரை நான் உணரவில்லை. பழைய கணக்கு நோட்டுகளை மீண்டும் எடுத்துப் படித்தேன். விதை, எரு, வண்டி வாடகை எல்லாம் வரி வரியாக இருந்தன. உழவு மாடுகளின் பெயர்கள்கூட இருந்தன. நடவு, களை, அறுவடை என்ற தலைப்புகளின் கீழ் மட்டும் "பெண்ணாள் 14", "ஆண் ஆள் 9" என்று எண்ணிக்கையே இருந்தது.

மரக்கால்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று உறவினர் சிலர் கடுமையாகச் சொன்னார்கள். அப்பாவின் தம்பி ஓராண்டு எங்களோடு பேசவில்லை. குடும்பத்தை அவமானப்படுத்துவது எங்கள் நோக்கமில்லை என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். ஆனால் அவற்றை மறைத்து வைத்துவிட்டு இதைப் பாரம்பரியப் பண்ணை என்று சொல்லிக் கட்டணம் வாங்க என்னால் முடியாது.

பாட்டியையும் அவருடைய வயதொத்த மூவரையும் நான்கு மாதங்கள் வாரந்தோறும் சந்தித்து, யார் யார் இங்கே வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதினோம். முதல் நாள் அவர் பழக்கத்தினால் கொல்லைப்பக்கமாகவே வந்து நின்றார். "முன்வாசலாக வாங்க பாட்டி" என்று அழைத்தபோது, "இந்தப் பக்கந்தான் தம்பி எனக்கு எல்லாம் ஞாபகம் வரும்" என்றார். அவர் சொன்னது சரிதான். கூலி அளந்த கல், கஞ்சி ஊற்றிய இடம், பிள்ளைகளை ஏணை கட்டித் தூங்கவைத்த புளியமரம் எல்லாமே பின்பக்கத்தில்தான் இருந்தன. ஆகவே பார்வையாளர்கள் நடக்கும் வழியையே மாற்றினோம். இப்போது அவர்கள் கொல்லை வாசலில் தொடங்கி, களம், கொட்டகை, பத்தாய அறை என்று வந்து, கடைசியில்தான் முற்றத்துக்குள் நுழைகிறார்கள். கட்டண வருமானத்தில் ஒரு பங்கு, வழிகாட்டியாகப் பணிபுரியும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு மாதச் சம்பளமாகப் போகிறது.

களத்தில் பிள்ளைகளே நெல்லை ஒரு மரக்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். பக்கத்துச் சுவரில் இதுவரை 71 பெயர்களை எழுதியிருக்கிறோம்; கீழே இடம் விட்டிருக்கிறோம். போன தை மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்தச் சுவரை நெடுநேரம் படித்துவிட்டு, தன் அம்மாச்சியின் பெயரையும் அவருடைய அக்காவின் பெயரையும் சொல்லி, எழுத்துப்பிழை வராமல் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.