பருத்தழும்புக்கு பி.ஆர்.பி.: மூன்று முறை போய் வந்த அனுபவம்

பிளேட்லெட் என்றாலே எனக்கு டெங்குதான் ஞாபகம். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் 'இன்னைக்கு கவுண்ட் எவ்வளவு?' என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. அதே பிளேட்லெட்டை என் ரத்தத்திலிருந்து பிரித்து என் கன்னத்துத் தழும்புகளுக்கே மருந்தாக்கலாம், அதற்குப் பெயர் பி.ஆர்.பி. (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா; பிளாஸ்மா என்பது ரத்தத்தின் திரவப் பகுதி) என்று கேள்விப்பட்டு, முதலில் ஓர் அழகு நிலையத்தில் விசாரித்தேன். எந்தப் பரிசோதனையும் கேட்காமல் "இன்னைக்கே பண்ணிக்கலாம் மேடம்" என்றார்கள். மேசையில் பெயர் ஒட்டாத இரண்டு ரத்தக் குழாய்கள் இருந்தன. எழுந்து வந்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது பற்றி அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. அங்கே சமையலறை ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு பெயரில்லாத ரத்தக் குழாய்கள் இருந்தனவாம். படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் தோல் டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். பிளேட்லெட் 2.4 லட்சம், பிரச்சினை இல்லை. ஒரு வாரத்துக்கு ஆஸ்பிரின், புரூஃபன் கூடாது என்றார். அவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுத்துவிடுமாம்.

சிகிச்சை அன்று முகத்தில் மரத்துப்போகும் கிரீம் பூசி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கையிலிருந்து 20 மில்லி ரத்தம். குழாயில் என் பெயரை எழுதி, "படிச்சுப் பார்த்துக்கோங்க" என்று நர்ஸ் அக்கா நீட்டியதும் பாதி பயம் போய்விட்டது. இயந்திரத்தில் சுற்றி எடுத்தபோது அடியில் கருஞ்சிவப்பு, நடுவே நூல் மாதிரி வெள்ளைக் கோடு, மேலே உருக்கிய நெய் நிறத்தில் பிளாஸ்மா. அதை மட்டும் எடுத்து மறுபடி சுற்றி, மேல்பகுதியைக் கழித்துவிட்டு அடியில் தங்கியதை வைத்துக்கொண்டார்கள். பிளேட்லெட் திரள்வது அங்கேதான்.

புது ஊசிமுனையை என் கண்ணெதிரே பிரித்தார்கள். பேனா போன்ற கருவி, தோலில் நுண்ணிய துளைகள் போடும். கன்னத்தில் தாங்கிக்கொள்ளலாம். மேலுதட்டருகே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசி போட்ட நுண்காயங்களில் பிளாஸ்மாவைத் தடவினார்கள். காயத்தை ஆற்ற பிளேட்லெட் விடும் வளர்ச்சிக் காரணிகளும் புதுக் கொலாஜனை (தோலுக்கு உறுதி தரும் புரதம்) தூண்டுகின்றன. "ஊசியால் பலனா, பிளாஸ்மாவால் பலனா டாக்டர்?" என்று கேட்டேன். "ரெண்டுக்கும் பங்கு இருக்கும்மா" என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் எரிச்சல். இரண்டு நாள் சிவப்பு, மூன்றாம் நாள் லேசாகத் தோல் உரிந்தது. மதுரை வெயிலில் சன்ஸ்கிரீனும் குடையும் இல்லாமல் வாசல் தாண்டவில்லை.

மாதம் ஒன்றாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய். முதல் தடவைக்குப் பிறகு ஒரு மாற்றமும் தெரியவில்லை. கொலாஜன் வளர மாதக்கணக்காகும். மூன்றாவது முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கன்னத்தில் தெரிந்த அந்த அலை அலையான பள்ளங்கள் மேலேறியிருந்தன. ஊசியால் குத்தியது போன்ற ஆழமான குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு இது போதாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். குழிக்குழியாக அமிலம் தொட்டு வைக்கும் சிகிச்சைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.