கருப்பைக் கேள்வியில் விலங்கின் பெயரை முதலில் படியுங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில், உயிர் அறிவியல் பாடத்தில், இம்முறை விரிவுரையாளர் தகுதி கிடைத்துவிட்டது. சென்ற முறை மூன்று மதிப்பெண்ணில் தவறியதற்கு, வினாத்தாளின் சி பகுதியில் நான் துணிந்து குறித்த ஒரே விடைதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். சூலகம் நீக்கிய சுண்டெலிக்கு டாமாக்சிஃபென் மட்டும் செலுத்தினால் கருப்பையின் எடை என்னவாகும் என்று கேட்டிருந்தார்கள். மார்பகப் புற்றுநோய் மருந்தாயிற்றே, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தடுப்பதுதானே என்று எண்ணி, மாற்றம் இராது எனக் குறித்தேன்.

உண்மையில் சுண்டெலியின் கருப்பையில் அது ஈஸ்ட்ரோஜனைப் போலவே இயங்கி எடையைக் கூட்டும். எலியில் ஓரளவு கூட்டும், ஆனால் ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடயோலுடன் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஹார்மோனின் வேகத்தைக் குறைக்கும். கோழிக்குஞ்சின் அண்டநாளத்திலோ தடுப்பானாக மட்டுமே நிற்கும். சேர்மம் ஒன்றுதான், ஹார்மோன் வந்து பிணையும் ஏற்பி என்ற புரதத்துடன் கைகோக்கும் துணைப்புரதங்கள் திசுவுக்குத் திசு மாறுகின்றன. ஆகவே எந்த விலங்கு, எந்தத் திசு, உடலில் ஏற்கெனவே எந்த ஹார்மோன் என்ற மூன்றையும் ஓரத்தில் எழுதாமல் விடைகளைப் பார்க்காதீர்கள். பொறுமையற்ற எனக்கு இந்த வழக்கம்தான் கடிவாளமாயிற்று.

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் அமர்ந்து எழுதிய தாளிலிருந்து:

- ஃபுல்வெஸ்ட்ரன்ட்: கருப்பையிலும் ஈஸ்ட்ரோஜனுக்கு முழுத் தடுப்பான்.
- மிஃபெப்ரிஸ்டோன்: புரோஜெஸ்டிரோன் ஏற்பியை அடைக்கும், அந்த ஏற்பி பெருக முதலில் ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.
- சியராலெனோன்: பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் வரும் நச்சு, பன்றிக்குத்தான் அதிகக் கேடு.

புரோஸ்டாகிளாண்டினை மட்டும் நான் தாளில் எழுதவில்லை. சேரன்மகாதேவியில் ஆச்சி வளர்த்த பசுவுக்கு அவ்வகை மருந்தான குளோப்ரோஸ்டெனால் ஊசி போட்டும் அது பருவத்துக்கு வராதபோது, முந்தைய பருவம் கழிந்து ஐந்து நாள்கூட ஆகாததால் சூலகத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் மஞ்சள் திரள் அந்த மருந்துக்கு இன்னும் இணங்காது என்று கால்நடை மருத்துவர் விளக்கியது அப்படியே மனத்தில் நின்றது.

இம்முறை வந்தது, எஸ்ட்ராடயோல் செலுத்திய ஆறு மணி நேரத்தில் எலிக் கருப்பை கனப்பது ஏன் என்ற கேள்வி. ஓரத்தில் மூன்றையும் எழுதி, நேரத்தையும் நான்காவதாகச் சேர்த்தேன். செல்கள் பெருக ஒரு நாளாவது ஆகும் என்பதால், அந்த எடை திசு உறிஞ்சிய நீரே எனக் குறித்தேன்.