மின்சாரம் தந்தது சேறா, செம்புக் கம்பியா?

உணவுக் கழிவைச் சிதைக்கும் சேற்றுப் பாக்டீரியாக்களிடமிருந்து மின்சாரம் எடுக்கவும், அந்தக் கழிவால் வரும் மாசைக் குறைக்கவும் ஒரு மின்கலம் செய்து பார்த்தேன். சேற்றில் புதைத்த கம்பியில் முதல் நாளே 0.41 வோல்ட். துள்ளிக் குதித்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு கண்ணாடிச் சாடிகள். ஒன்றில் குளத்தின் அடிச்சேறும் அரைத்த காய்கறித் தோலும், மற்றதில் உப்புநீர். இரண்டுக்கும் நடுவே அகரில் (கடற்பாசிக் கூழ்) உப்பு கலந்து உறையவைத்த உப்புப் பாலம். சாடிக்கு ஒரு கார்பன் துணி. காற்று புகாத சேற்றில் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் உணவைச் சிதைத்து எலக்ட்ரான்களைக் கார்பனிடம் தள்ளிவிடும். எலக்ட்ரான்கள் கம்பி வழியே மறுபுறம் போக, அங்கே ஆக்சிஜனும் ஹைட்ரஜன் அயனிகளும் அவற்றோடு சேர்ந்து தண்ணீராகும். (சேற்றிலுள்ள கார்பன் துணிதான் ஆனோடு, மறுபுறத் துணி கேத்தோடு. பாடநூல் 'நேர்மின்வாய்' என்று சொல்லும் ஆனோடு இங்கே மின்கலத்தின் எதிர்மின் (−) முனை. இந்தப் பெயர்க் குழப்பத்தில் மீட்டரை இரண்டு முறை தலைகீழாக மாட்டினேன்.)

சந்தேகம் வந்தது மூன்றாம் நாள். நுண்ணுயிர்ப் படலம் கார்பனில் படியவே பல நாள் ஆகும் என்றால், முதல் மணி நேரத்தில் எங்கிருந்து மின்னழுத்தம்? சேற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு இன்னொரு சாடி வைத்தேன். அதிலும் 0.38! கார்பனோடு முறுக்கிய செம்புக் கம்பி சேற்றைத் தொட்டு அரித்துக்கொண்டிருந்தது. என் 'நுண்ணுயிர் மின்சாரம்' வெறும் உலோக அரிப்பு. கார்பன் துணியையே நீளமாக வெட்டி, சாடிக்கு வெளியே இழுத்து அங்கே கம்பியை இணைத்த பிறகு கொதித்த சேறு சுழியத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. உயிருள்ள சேறு பதினோராம் நாளில் 0.58 தொட்டது. அன்றுதான் நிஜமாகவே மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சியில் ஒரு கிண்ணம் மிச்ச உணவைக் கொட்டினேன். இரண்டே நாளில் 0.2. அமிலத்தன்மை பார்க்கும் தாள் பி.எச். 4.5 காட்டியது: நொதிக்கும் பாக்டீரியாக் கூட்டம் அமிலத்தைக் குவிக்க, மின்சாரம் தரும் கூட்டம் திணறிவிட்டது. சமையல் சோடா கொஞ்சம், இனி இரண்டு நாளுக்கு ஒரு தேக்கரண்டி உணவு. ஒரு வாரத்தில் தேறியது.

ஆனால் 1,000 ஓம் மின்தடையை மாட்டியதும் 0.58 வோல்ட் 0.08 ஆகச் சரிந்தது. கணக்குப் போட்டால் உள்மின்தடை 6,250 ஓம், திறன் 6.4 மைக்ரோவாட். குற்றவாளி உப்புப் பாலம். அதைத் தூக்கியெறிந்து, ஒரே சாடியில் அடியில் சேறும் ஆனோடும், மேலே தண்ணீரும் மிதக்கும் கேத்தோடும் வைத்தேன். அதே மின்தடையில் 0.31 வோல்ட், 96 மைக்ரோவாட். பாலத்தை எடுத்ததற்கே பதினைந்து மடங்கு.

மாசு குறைந்ததா? காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனாகிப் போகும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மீத்தேன் நுண்ணுயிர்களும் மின்சார நுண்ணுயிர்களும் உணவு சிதையும்போது உண்டாகும் அசிட்டேட் என்ற ஒரே இரைக்குப் போட்டியிடுகின்றன. என் சாடியில் குமிழிகள் இன்னும் எழுகின்றன, ஆகவே வெற்றி முழுமையல்ல. சுற்றை இணைக்காத சாடியைவிட இணைத்த சாடியில் அழுகிய முட்டை நாற்றம் குறைவு என்று என் மூக்கு சொல்கிறது. மூக்கை அளவுகோலாக ஏற்க நான் தயாரில்லை.

விளக்கு எரியவைக்க மூன்று சாடிகளைத் தொடராக இணைத்தேன். பட்டினியில் கிடந்த ஒன்று எதிர்த்திசையில் திரும்பி மற்ற இரண்டின் உழைப்பையும் விழுங்கியது. இப்போது வேறு வழி: மின்னூட்டத்தைச் சேமிக்கும் நான்கு மின்தேக்கிகளை ஒரே சாடியில் இணையாக மின்னேற்றி, பிறகு அவற்றின் மின்னழுத்தங்கள் கூடும்படி தொடராக மாற்றுகிறேன். நேற்றிரவு சிவப்பு எல்.இ.டி. ஒரு கணம் சிமிட்டியது. அந்தச் சாடியில் செம்பு எதுவும் சேற்றைத் தொடவில்லை என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.